இரண்டு வலது கண்கள்

பெயர் ரெங்கராஜ், வயது 34, தகப்பனார் பெயர் பீமராவ், தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது, இருப்பிடம் ஸ்ரீரங்கம் மூலத்தோப்பு, வாடகை வீடு. பாலக்கரையில் போட்டோ ஸ்டுடியோ நடத்தி வரும் பிரவீன்ராஜ் கொடுத்த புகாரின் பேரில் விசாரித்தபோது, மேற்படி ரெங்கராஜ் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தானாகச் சொன்னது, சொன்னபடியே கீழே எழுதப்படுகிறது.

நான் மேலே கண்ட முகவரியில் என் மனைவி இளவேனில், மகள் தேவதர்ஷினி ஆகியோருடன் வசித்து வருகிறேன். மகளுக்கு இரண்டரை வயது. வேறு குழந்தை இல்லை. இன்று காலை ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் திரையையும் பிரவீன்ராஜின் செல்போனையும் உடைத்தது நான்தான். அவருடைய மணிக்கட்டு முறிந்ததும் என்னால்தான். இதில் எனக்கு மறுப்பு கிடையாது. குடிபோதையில் செய்துவிட்டேன் என்று முதலில் சொன்னது பொய். குடிகாரன் என்றால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், கேஸை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்து அப்படிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சோதித்ததில் நான் குடிக்கவில்லை என்று வந்துவிட்டது. காரணம் இல்லாமல் வாக்குமூலம் எழுத முடியாது என்று உதவி ஆய்வாளர் ஐயா சொன்னதால் இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஆனால் இதில் ஒரு விஷயம் என் மனைவி காதுக்குப் போகக் கூடாது. அது எது என்பது கேட்கும்போது உங்களுக்கே தெரியும்.

சென்ற ஆண்டு தை மாதம் என் மகளுக்குச் சமயபுரத்தில் மொட்டை அடித்துக் காது குத்தினோம். அதற்குப் போட்டோ எடுக்கப் பிரவீன்ராஜை வைத்தோம். அவர் என் மச்சினனோடு ஒன்றாகப் படித்தவர். என்னை மாமா என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவார். மண்டபத்துக்குள் இருட்டாக இருந்ததால் பெரிய லைட்டையும் பிளாஷையும் வைத்துத்தான் எடுத்தார். மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி காதைத் தொடுவதற்கு முன்பே ஊரைக் கூட்டினாள். நடுவில் யாரோ ஒரு மிட்டாயைக் காட்ட ஒரு நிமிடம் சிரித்தாள். அந்த ஒரு நிமிடத்தை அவர் எப்படியோ பிடித்துவிட்டார்.

அதன் பிறகு ஆல்பம் வந்தது. அந்தச் சிரித்த படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தார். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் புதுத் தோடு, இரண்டு கண்ணும் அகலமாக, கறுகறுவென்று நம்மையே பார்க்கும். என் மனைவி அதைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அதை டிவிக்கு மேலே மாட்டினோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

அதன் பிறகு பங்குனி வாக்கில், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு டிவி மட்டும் ஓடும் சமயத்தில், குழந்தையின் இடது கண் மின்னுகிறது என்று என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள். "பூனைக் கண்ணு மாதிரி பளிச்சுங்குது, இந்தப் பக்கம் வந்து பாருங்க" என்பாள். நான் போய்ப் பார்த்தால் அதற்குள் குழந்தை திரும்பிவிடும். அவள் தம்பியும் பார்த்தான், பக்கத்து வீட்டிலும் பார்த்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. உடம்புச் சூடு என்று சொல்லி விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார்கள். அவள் எண்ணெயும் வைத்தாள், ஆனால் மனம் சமாதானம் ஆகவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், நீங்களும் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் எல்லாரிலும் அந்தக் கண்ணைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு சித்திரையில், குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிக்க ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து அங்கன்வாடியில் கேம்ப் போட்டார்கள். சத்துமாவு வாங்கப் போன இடத்தில் என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவர்களிடம் பெரிய மெஷின் எதுவும் கிடையாதாம், செல்போன்தானாம், அதன் முன்னால் ஒரு சின்ன லென்ஸை மாட்டிக் கண்ணுக்குள் படம் எடுக்கிறார்களாம். அவள் மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரம்தான் தடுப்பூசி போட்டிருந்ததால் குழந்தைக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்காமல் அழுது புரண்டதில் அவர்களால் படம் எடுக்க முடியவில்லை. காய்ச்சல் விட்டதும் வீட்டிலேயே, விளக்கைக் குறைத்து வைத்து, பிளாஷ் போட்டு, முகத்துக்கு நேராக ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தார்கள். கண்ணுக்குள் ஏதாவது இருந்தால் பிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் என்று நான் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். எதற்காகப் பிளாஷ் என்பதை அவர்கள் என் மனைவியிடம் சொன்னார்களா, சொல்லியும் அழுகைச் சத்தத்தில் அவள் காதில் விழவில்லையா என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவள் வீட்டில் தன் செல்லில் எடுத்துப் பார்த்தாள். அவளுடைய செல் பழையது. குழந்தையும் ஒரு இடத்தில் நிற்கிறவள் இல்லை. எடுத்தது எல்லாம் கலங்கல், கலங்காததில் கண் மூடியிருந்தது. டாக்டர் பார்க்கிற படம் இப்படி இருந்தால் என்ன தெரியும் என்று கவலைப்பட்டாள். அப்புறம் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதில்தான் கண் தெளிவாக இருக்கிறதே என்று, ஸ்டுடியோவில் கேட்டு அந்தப் படத்தையே வாங்கி, அந்த நம்பருக்கு அனுப்பிவிட்டாள். அன்று இரவு சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள். நானும் நல்ல யோசனை என்றேன். எங்கள் வீட்டில் எதற்குப் போட்டோ கேட்டாலும் இருப்பதில் நல்லதைத்தான் கொடுப்போம். ரேஷன் கார்டானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, அப்படித்தான் வழக்கம்.

அதன் பிறகு பதில் வந்தது. இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருக்கின்றன, பயப்பட ஒன்றும் இல்லை, இயல்பு என்று போட்டிருந்தார்கள். அவள் அந்தப் படத்தையும் பதிலையும் எனக்கு அனுப்பினாள், அவள் தம்பிக்கு அனுப்பினாள், அடுத்த வெள்ளிக்கிழமை சமயபுரம் போய் மாவிளக்கும் போட்டாள். அதற்குப் பிறகு டிவி வெளிச்சத்தில் கண் மின்னினாலும் அவள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு ஐப்பசியில் குழந்தையின் இடது கண் லேசாக மூக்குப் பக்கம் சாய ஆரம்பித்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்கு யோகம் வரப்போகிறது என்று ஒருவர் என்னிடம் கைகூடக் கொடுத்தார். என் மனைவி அந்தப் பதிலை மறுபடி எடுத்து எடுத்துப் படித்தாள். படித்தவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், நமக்கு என்ன தெரியும் என்றாள். கார்த்திகையில் கண் சிவந்து, வீங்கி, குழந்தை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதபோதுதான் தில்லை நகர் கண் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தக் கிளினிக்கின் லிஃப்டை நான்தான் பார்க்கிறேன், அதனால் அங்கே என்னைத் தெரியும்.

அங்கே கண் பரிசோதிக்கும் மஹ்ஜபீன் என்பவர் குழந்தையைப் பார்த்தார். பெரிய மெஷினில் தாடையை வைத்து அசையாமல் இருக்க வேண்டுமாம், இந்த வயதுக் குழந்தை இருக்குமா. அதனால் சொட்டு மருந்து விட்டுவிட்டு அவரும் செல்போனில்தான் லென்ஸை மாட்டி எடுத்தார். போனைக் கண்டதும் என் மகள் பாட்டுப் போடுவார்கள் என்று அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் எடுத்துவிட்டார். வலது கண்ணின் உட்புறம் பப்பாளிப் பழத்தை வெட்டியதுபோல ஒரே செம்மஞ்சளாக இருந்தது. இடது கண்ணில் தேங்காய்ப் பத்தைபோல வெள்ளையாக ஒரு கட்டி நிறைந்து இருந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். நடந்து போகவில்லை, ஓடினார்.

அதன் பிறகு வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் புற்றுநோய், கண்ணை எடுத்தால்தான் உயிருக்கு வழி என்றார்கள். மார்கழியில் எடுத்தார்கள். எடுத்த கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நோய் நரம்பு வழியாக உள்ளே போயிருக்கிறது, ஒரு ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் கண்ணோடு போயிருக்கும் என்றார்கள். அந்த வார்த்தையை என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள். தையிலிருந்து கீமோ கொடுத்தார்கள். மொட்டைக்குப் பிறகு முளைத்த முடி எல்லாம் தலையணையில் கொட்டியது. போன மாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கோவர்தன் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இனிமே ஊசி வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கொழந்த என்ன கேக்குதோ குடுங்க" என்றார். அதற்கு மேல் விளக்கம் கேட்க என்ன இருக்கிறது. நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம். என் மகள் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து மாட்டைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி சாப்பிடவில்லை, பேசவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எழுந்து, தலை வாரிக்கொண்டு, அந்தத் தொண்டு நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்றாள். "பாக்கத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்ல வேண்டியதுதானே? நார்மல்னு எதுக்குப் போட்டாங்க? அந்த ஒரு வார்த்தையிலதானே நான் சும்மா இருந்தேன்? என் புள்ள கண்ணப் பாத்துச் சொன்னவங்க யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். மண்ணாய்ப் போவார்கள் என்று சபித்தாள். அதற்குப் பிறகுதான் கஞ்சி குடித்தாள். ஐயா, அவள் இப்போது அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும் தூக்கிச் சுமப்பதும் அந்தக் கோபத்தில்தான் நடக்கிறது. அது போனால் அவள் படுத்துவிடுவாள். குழந்தைக்கும் முந்திப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

எனக்கும் அவர்கள் மேல் ஆத்திரம்தான். புகாரில் என்ன எழுத வேண்டும் என்று கேட்க, நேற்று தில்லை நகர் கிளினிக்கில் லிஃப்ட் வேலை முடிந்ததும் மஹ்ஜபீனிடம் போனேன். அனுப்பிய படத்தையும் வந்த பதிலையும் என் போனில் காட்டி, இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எப்படி இயல்பு என்றார்கள் என்று கேட்டேன். அவர் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "அண்ணா, இது ஸ்டுடியோ போட்டோவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கருவிழியில் லைட் வெளிச்சம் ஒரு பொட்டுப்போல் விழுந்திருப்பதைக் காட்டினார். வலது கண்ணில் அந்தப் பொட்டு மூக்கை ஒட்டிய பக்கம் இருந்தது, இடது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கமே இருந்தது. ஒரு லைட் எதிரே இருந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே திசையில்தான் விழும், இப்படி எதிரும் புதிருமாக விழாது என்றார். "வலது கண்ணக் காப்பி எடுத்து, திருப்பி, இந்தப் பக்கம் ஒட்டியிருக்காங்கண்ணா. இதப் பாத்தா யாரா இருந்தாலும் நார்மல்னுதான் சொல்வாங்க. நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் என் மகளுக்கு இரண்டு வலது கண்கள். அதைத்தான் நாங்கள் ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இதை அனுப்பியது யார் என்று மஹ்ஜபீன் கேட்டார். நான் என்று சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு வீட்டுக்குப் போனேன். புகார் கொடுத்தீர்களா என்று என் மனைவி கேட்டாள். கொடுத்தேன், போலீஸில் கூப்பிடுவார்கள் என்றேன். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றப் போனேன். "அத ஏன் எடுக்கறீங்க? என் புள்ள கண்ணோட இருக்கற படம் அது ஒண்ணுதான்" என்று பிடுங்கி மறுபடி மாட்டினாள். ராத்திரி முழுக்க அந்தப் படத்துக்குக் கீழேதான் படுத்திருந்தேன்.

இன்று காலை பாலக்கரைக்குப் போனேன். அடிக்க வேண்டும் என்று போகவில்லை. மஹ்ஜபீன் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். தப்பாக இருந்தால் குற்றம் அந்தக் கேம்ப்காரர்கள் மேலேயே இருந்துவிடும், என் மனைவி தப்பித்துவிடுவாள் அல்லவா. பிரவீன்ராஜ் அப்போதுதான் கடையைத் திறந்து பத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். அவருக்குக் கண் எடுத்தது தெரியும், மற்றது தெரியாது. காது குத்து போட்டோவின் ஒரிஜினல் இருக்கிறதா, எடிட் செய்யாதது வேண்டும் என்றேன். நல்லவேளை அழிக்கவில்லை மாமா என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினார்.

நான் பார்த்தேன். என் மச்சினன் மடியில் என் மகள். அழுகிற படம், திரும்புகிற படம், சிரிக்கிற படம். நேராகப் பார்த்த படம் எல்லாவற்றிலும் இடது கண் வெள்ளையாக இருந்தது. ஒளிந்து மறைந்து இல்லை, பட்டப்பகல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவை பிளாஷ் அடித்தபோதும் அந்த நோய் தன்னைக் காட்டியிருக்கிறது. பிரவீன்ராஜ், "எல்லாத்துலயும் லைட் அடிச்சிருச்சு மாமா. ஒவ்வொண்ணா ஒக்காந்து சரி பண்ணுனேன். தெரியவே இல்லைல்ல?" என்றார். வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆமாம் தம்பி, தெரியவே இல்லை என்றேன்.

பிரவீன்ராஜ் கெட்டவர் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கண் வெள்ளையாக இருக்கும் படத்தை அப்படியே ஆல்பத்தில் போட்டிருந்தால் நானே கொண்டுபோய் அவர் முகத்தில் எறிந்து, இது என்ன வேலை, சரி பண்ணிக் கொடு என்று கேட்டிருப்பேன். எந்த அப்பன் கேட்கமாட்டான். இதை நினைத்துப் பார்த்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கோபப்பட ஆள் இல்லாமல் இருப்பது மாதிரிக் கொடுமை வேறு இல்லை.

அதன் பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். இந்தப் படத்தைத்தான் டாக்டர்கள் பார்த்தார்கள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. தன் மேல் பழி வந்துவிடும் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. தன் போனை எடுத்து, அக்காதான் கேட்டார்கள் என்று சொல்லி, என் மனைவி போன வருடம் அனுப்பிய குரல் செய்தியைத் தேடிப் போட்டுக் காட்டினார். அதில் என் மனைவி, "தம்பி, பாப்பா கண்ணு நல்லாத் தெரியற மாதிரி அந்தப் போட்டோவ அனுப்புங்க, டாக்டருக்குக் குடுக்கணும்" என்று சொல்கிறாள். பின்னால் என் மகள் ஏதோ பேசுகிற சத்தமும் கேட்கிறது. டாக்டருக்கு என்று சொன்ன பிறகுமா தம்பி எடிட் செய்ததை அனுப்பினாய் என்று கேட்டேன். "டாக்டருக்குன்னா நீட்டா இருக்கணுமேன்னு இன்னும் கொஞ்சம் ஷார்ப் பண்ணித்தான் மாமா அனுப்புனேன்" என்றார்.

அதுவரை நான் கையை ஓங்கவில்லை. அதன் பிறகு அவர், "நான் வேணும்னு பண்ணலை மாமா, அக்காகிட்டயே கேளுங்க, நானே பேசறேன்" என்று சொல்லி என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் எடுத்தால் இவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். படத்தை மாற்றியது தெரிந்தால், அதை அனுப்பியது தான்தான் என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிடும். எங்கள் எல்லாரையும்விட முதலில் நோயைக் கண்டவள் அவள், அதைக் கண்ணுக்குத் தெரியாமல் பண்ணி அனுப்பியதும் அவள் என்று ஆகிவிடும். அவள் அன்பாகச் செய்ததுதான் அது. அதனால்தான் அதை அவளால் தாங்க முடியாது. நான் போனைப் பிடுங்கினேன். எதை நோக்கி எறிந்தேன் என்று தெரியவில்லை, திரையில் பட்டு இரண்டும் உடைந்தன. திரையில் என் மகள் முகம் இருந்தது. பிரவீன்ராஜ் என் சட்டையைப் பிடித்தார், நான் தள்ளினேன், அவர் லைட் ஸ்டாண்டின் மேல் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். நான் ஓடவில்லை. குழந்தைகளை உட்காரவைத்து எடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, நீங்கள் வரும்வரை அங்கேயே இருந்தேன்.

அதற்குள் என் மனைவி என் போனுக்குக் கூப்பிட்டாள். ஸ்டுடியோ நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்திருக்கிறது, என்ன என்று கேட்டாள். ஏதோ கை பட்டு வந்திருக்கும் என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். போலீஸ் கூப்பிட்டிருக்கிறார்கள், புகார் விஷயமாக ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். அந்தப் பொய்யை நம்பி அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிட்டாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கேம்ப்காரர்களை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தையும் பதிலையும் ஆதாரம் என்று தன் செல்லில் எடுத்து வைத்திருக்கிறாள். தானும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று பெண் காவலரிடம் சொன்னாளாம். எனக்குத் தண்ணீர் கொடுத்த காவலர்தான் இதைச் சொன்னார்.

ஆகவே ஐயா, திரையும் போனும் உடைத்தது, கையை முறித்தது எல்லாவற்றுக்கும் என்ன தண்டனையோ கொடுங்கள், கோர்ட்டில் கேட்டாலும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், வக்கீல் வைக்கமாட்டேன். காரணம் என்ற இடத்தில் முன்பகை என்று போட முடிந்தால் போடுங்கள். முடியாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சரி. என் மகள் இன்னும் எத்தனை நாள் இருப்பாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை. அவள் போகிறவரையிலாவது அவள் அம்மாவுக்கு யாரோ ஒரு முகம் தெரியாத ஆளைத் திட்டிக்கொண்டிருக்க ஒரு வழி இருக்கட்டும். அதற்குப் பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எப்போதுமே தெரியக் கூடாது.

எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியது முறை என்கிறீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், நானே மனத்துக்குள் படித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். முறையை மாற்ற முடியாது என்றீர்கள். கதவையாவது சாத்துங்கள் என்றேன். இந்த அறைக்குக் கதவு இல்லை, மெதுவாகப் படிக்கிறேன் என்றீர்கள். அதற்கு நன்றி. நான் சொன்னதில் இட்டுக் கட்டியது எதுவும் கிடையாது, நடந்தது அனைத்தும் இதுதான், இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) பீ. ரெங்கராஜ்

எழுதியவரின் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் ரெங்கராஜுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டுச் சரி என்று சொல்லிக் கையெழுத்திட்டார். படித்துக் காட்டியபோது அறையில் எழுதியவரும் அவரும் மட்டும் இருந்தனர். படித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது, குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த அவர் மனைவி இளவேனில், கையில் காலி பாட்டிலுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தான் கொடுப்பதாக இருந்த வாக்குமூலம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.